மூன்றாம் நாளே மடங்கிய விரல்கள்

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் என் பத்து விரல்களையும் மடக்கிக் காட்டியவள் நான். மடக்கினேன், விரித்தேன், மறுபடியும் மடக்கினேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சாட்சி சொல்லிப் பழகியவள். எங்கள் சபையில் வருடக் கடைசி ஆராதனையில் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வருடம் கர்த்தர் தமக்குச் செய்த நன்மையைச் சொல்வது வழக்கம். பரீட்சையில் பாஸானதிலிருந்து புற்றுநோய் ஆபரேஷன் வரைக்கும் சொல்வார்கள். சிறு வயதிலிருந்து அப்படி எழுந்து நின்று பேசியதால், எங்கே நிறுத்தினால் கேட்கிறவர் மனம் இளகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் அன்று ஒரு மாத்திரை டப்பாவுக்குக் கொடுத்தேன். அதை எண்ணும்போது இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். எனக்கு வந்தது முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் வேகவைத்த கிழங்குபோல் வீங்கிக் கிடக்கும். ஜாக்கெட் ஊக்கைப் போட்டுக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். வகுப்பில் சாக்பீஸ் கைநழுவி விழுந்தால் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

வேலூரில் ஒரு மூட்டு மருத்துவரிடம் போனேன். அவர் மறைக்காமல் பேசினார். "இது முழுசா போற வியாதி இல்லம்மா. ஆனா புடிச்சி நிறுத்தி வைக்கலாம். விட்டா மூட்ட தின்னுடும்" என்றார். வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை எழுதினார். அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். நாலு மாதம் போட்டேன். மாத்திரை போட்ட மறுநாள் முழுக்க குமட்டல். சீப்பில் கொத்தாக முடி வந்தது. வலி கொஞ்சம் குறைந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியர். ஒருத்தி முடக்கத்தான் தோசை என்றாள், இன்னொருத்தி ஜவ்வாது மலையிலிருந்து வரும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் என்றாள். இரண்டையும் செய்து சாப்பிட்டேன். அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. சூப் நன்றாகவே இருந்தது. போன் முழுக்க இங்கிலீஷ் மருந்து கிட்னியை எப்படித் தின்னும் என்ற வீடியோக்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான், ஒன்றைக்கூட ஆதாரம் என்ன என்று கேட்காமல் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி டப்பாவோடு வந்தான்.

கூடப் பிறந்தவன். எனக்கு ஆறு வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தேன். செல்போன் கடை வைத்துச் சரியாக ஓடாமல் மூடிவிட்டு, சென்னையில் ஏதோ பயிற்சி என்று போய், கோட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். 'ஆரோக்கிய ஆலோசகர்' என்று கார்டு அடித்திருந்தான். டப்பாவின் மேல் பச்சை இலை, முனிவர் படம், நூறு சதவீதம் ஆயுர்வேதம் என்ற எழுத்து.

"க்கா, இது மருந்தே இல்லக்கா. சாப்பாடு மாதிரி. அமுக்கரா, குங்கிலியம், மஞ்சள், சுக்கு. அவ்ளோதான். சைடு எஃபெக்டே கெடையாது."

"வேலூர் மாத்திர போட்டுகினு இருக்கேனேடா."

"அத மொதல்ல நிறுத்து. ரெண்டும் சேந்தா ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுகினு எதுவும் வேல செய்யாது. என்ன நம்பு க்கா. உனக்குப் போய் கெட்டது குடுப்பேனா?"

குடுப்பேனா என்று கேட்டான். அந்தக் கேள்வியை மட்டும் நான் மறக்கவில்லை.

வேலூர் மாத்திரையை நிறுத்தினேன். டப்பாவிலிருந்து காலையில் இரண்டு, இரவு இரண்டு. மூன்றாம் நாள் காலை எழுந்தபோது விரல்கள் மடங்கின. படுக்கையிலேயே உட்கார்ந்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் துணி துவைத்தேன். வாஷிங் மெஷின் இருந்தும், கையால் துவைத்து, ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தேன். தண்ணீர் கொட்டக் கொட்ட அழுதேன். செய்யாறில் வேலை பார்க்கும் என் கணவர் அன்று மாலை வந்ததும், அவர் முன்னால் ஒரு தேங்காயை உடைத்துத் துருவிக் காட்டினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வலியில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அந்த டப்பாவை வாங்கியவர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தினமும் காலையில் அழுதுகொண்டே பல் தேய்த்தவர்களுக்குத்தான் அந்த மூன்றாம் நாளின் அருமை தெரியும்.

தம்பி அதைத் தெரிந்து வைத்திருந்தான். இரண்டு வாரம் கழித்து மண்டபத்தில் கூட்டம் வைத்தான். வாசலிலேயே முட்டிவலிக்காரர்களை உட்காரவைத்து இலவசமாக எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டான். "இவங்க எங்க அக்கா. பொய் சொல்ல மாட்டாங்க. டீச்சர்" என்றான். நானும் பேசினேன்.

ஒரு எடுத்துக்காட்டு நிரூபணம் ஆகாது என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அன்று அந்த ஒரே எடுத்துக்காட்டாக நானே போய் மேடையில் நின்றேன்.

மேடையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா பட்டுத் தறி நெய்கிறார். கைத்தறிதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மகள் என்னிடம் படித்தவள். தறிக்குழியில் காலை விட்டு, நாள் முழுக்க மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்து அவருக்கு முட்டி இரண்டும் தேய்ந்திருந்தன. சர்க்கரையும் உண்டு. அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தார். நான் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், போன மாசம் பால் பாக்கெட்டே தூக்க முடியாதுன்னு சொல்லிகினு இருந்தீங்க?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். மறுநாள் நானே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் தறிவீட்டில் கொடுத்தேன். தறியிலிருந்து இறங்காமலேயே வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சக்கர இருக்கே, சாப்டலாமா?"

"சாப்பாடு மாதிரிதாங்க்கா. ஒண்ணும் பண்ணாது."

என் தம்பி சொன்ன வார்த்தை அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

அவருக்கும் மூன்றாம் நாளே வலி போனது. அவர் சொல்லி இன்னும் சிலர் வாங்கினார்கள். நான் சொல்லி எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பின்னால் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டிய நாள் வந்தது.

எனக்கு முதலில் பசி வந்தது. சாதாரணப் பசியில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்து என்ன என்று தேடும் பசி. பிறகு தூக்கம் போனது. மூன்றாம் மாதம் முகம் உருண்டையானது. சபையில் பெண்கள், "முகம் நல்லா பூரிச்சிருக்கு, கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு" என்றார்கள். பள்ளியில் ஒரு குட்டிப்பெண் மட்டும் உண்மையைச் சொன்னாள்: "மிஸ், உங்க கண்ணு சின்னதா ஆயிடுச்சு." பெஞ்சில் லேசாக இடித்துக்கொண்டால் தோல் ஊதா நிறமாகக் கன்றியது. தம்பிக்கு போன் போட்டேன்.

"அது ஒடம்புல இருக்கற நச்சு வெளிய வருதுக்கா. நல்லதுதான். நிறுத்திடாத."

எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது.

தறிக்கார அக்காவுக்கு வலது கால் விரலில் மிதிகட்டை உரசி ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் கவனிக்கவில்லை. ஒரு முகூர்த்தப் புடவையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் வேறு. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தார். நாற்றம் வந்த பிறகு மகள் பார்த்து அலறி, வேலூருக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பையில் அந்த டப்பா.

"டாக்டர்கிட்ட இத காட்டினீங்களா?"

"இன்னா மருந்து சாப்பிட்றேன்னு கேட்டாங்க. சக்கர மாத்திர மட்டும்தான்னு சொன்னேன். இது மருந்து இல்லியே டீச்சர். சாப்பாடு மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நர்சைக் கூப்பிட்டு டப்பாவைக் கையில் கொடுத்து, எத்தனை மாதம், எத்தனை மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் நான் போனது ஒரு ஆயுர்வேத மருத்துவரிடம். ஆரணியில் கோட்டை மைதானத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறார். ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கிய பெண். என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். மருந்து நல்லதுதான், அந்த அக்காவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்ற ஆசையில்தான் போனேன் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு நடந்ததைச் சொல்லி டப்பாவை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். எழுந்து வந்து என் கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒரு சதைத் திரட்சி இருந்தது எனக்கே தெரியாது.

"எத்தன நாள்ல வலி போச்சுங்க?"

"மூணாவது நாள்."

"எங்க மருந்து எதுவும் மூணு நாள்ல இப்டி வேல செய்யாதுங்கம்மா. செஞ்சா நானே பயப்படுவேன்." டப்பாவை எடுத்துப் புரட்டினார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கன்னு நெனக்கறேன். சோதிச்சுப் பாக்காம நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா உங்க மொகம் சொல்லுது. அந்தம்மாவுக்குச் சக்கர ஏறுனதும் அதனாலதான் இருக்கும்."

"கூட்டத்துல எண்ணெயெல்லாம் தேய்ச்சி விட்டாங்களே, அது ஆயுர்வேதந்தான?"

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை, முகம் சிவந்தது. "உங்க வியாதிக்கு எங்க படிப்புல ஆமவாதம்னு பேரு. மூட்டு வீங்கி சூடா இருக்கறப்ப எண்ணெயே தேய்க்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மணல வறுத்து ஒத்தடம் குடுக்கணும். இது மொதல் வருஷம் படிக்கற பசங்களுக்கே தெரியும். அவனுங்க எங்க பேர வச்சிகினு விக்கறானுங்க, எங்க படிப்புல ஒரு பக்கம் தெரியாது. நாள பின்ன ஆயுர்வேதம் சாப்ட்டு வெரல் போச்சுன்னு என்னத்தான் சொல்லுவாங்க."

நான் டப்பாவைக் குப்பையில் போடப்போகிறேன் என்றேன். கையைப் பிடித்தார்.

"இன்னிக்கே நிறுத்திடாதீங்க. இத்தன மாசம் சாப்ட்டு சடார்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. நான் லெட்டர் எழுதித் தரேன், வேலூர் டாக்டர்கிட்டயே போங்க. அவர்தான் கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். அப்பால என்கிட்ட வாங்க. நான் குடுக்கறத அவருக்குத் தெரியாம சாப்பிடக் கூடாது."

என்னை அனுப்பிவிட்ட முதல் வைத்தியர் அவர்தான். மற்ற எல்லோரும் என்னைத் தங்களிடம் பிடித்து வைக்கத்தான் பார்த்தார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் சென்னையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளிடம் பத்து மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினேன். எட்டு நாள் கழித்து போன் செய்தாள். "மிஸ், இது அதிகாரபூர்வ ரிப்போர்ட் இல்ல. ஆனா ஸ்டீராய்டு இருக்கு. வலி மாத்திரை ஒண்ணும் சேத்து அரைச்சிருக்காங்க. மஞ்சளும் இருக்கு மிஸ், கலருக்கு."

கலருக்கு மஞ்சள். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.

வேலூர் மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத மாதிரி நெறைய வருது" என்று மட்டும் சொன்னார். மருந்தைக் குறைத்த அந்த வாரங்களில் போன வலி எல்லாம் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கிக் குடித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். இடையில் வேலூர் மாத்திரையை விட்டிருந்த மாதங்களில் இரண்டு விரல் மூட்டுகள் அரித்துப்போயிருந்ததை எக்ஸ்ரேயில் காட்டினார்கள். வலி தெரியாமல் மறைத்துவிட்டது, வியாதி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மூட்டுகள் இனி வராது.

கொஞ்சம் நடமாட முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் ஹாலில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மாணவி சொன்னதைச் சொன்னேன். அக்காவின் விரல்களைச் சொன்னேன்.

"எவனோ சொல்றத நம்பிகினு பேசாதக்கா. உனக்கு வலி போச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"போச்சுடா. ஸ்டீராய்டால போச்சு."

"எதனால போனா இன்னா? போச்சுல்ல? அந்த அம்மா புண்ண பாக்காம வுட்டதுக்கு நான் பொறுப்பா? கம்பெனில அனுப்பறாங்க, நான் விக்கறேன். உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்டி தெரியும்?"

தெரியாது என்பதை நான் அந்த நிமிடம் நம்பினேன். என் தம்பிதானே, ஏமாந்திருப்பான் என்று மனம் சமாதானம் தேடியது. அப்போது அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

"கால்ல இன்னா ஆச்சு?"

"முட்டி வலி அண்ணி. ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்குது. ஆஸ்பத்திரியில எக்சர்சைஸ் சொல்லியிருக்காங்க. மாத்திரையும் போட்டுகினு இருக்கேன்."

ஹால் முழுக்க டப்பா. சோபாவில், டிவிக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில்.

"இத ஏன் சாப்பிடல நீ?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

"அவரு வேணாம்னுட்டாரு" என்றாள், மெதுவாக.

காபி டம்ளரை என்னால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. தரையில் விழுந்தது. வேண்டுமென்றே போட்டேன் என்று அவன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறான். வேண்டுமென்றே போடும் அளவுக்கு என் விரல்களுக்குத் தெம்பில்லை. இருந்திருந்தால் அவன் மேலேயே வீசியிருப்பேன்.

"உன் பொண்டாட்டிக்குக் குடுக்க மாட்ட. எனக்குக் குடுத்த" என்றேன். அவன் குனிந்து டப்பாக்களை மறுபடியும் அடுக்கத் தொடங்கினான்.

அடுத்த கூட்டம் போளூர் ரோட்டில் வேறொரு மண்டபத்தில். அழையாமல் போனேன். தம்பி என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கப் பார்த்தான், அதற்குள் மைக் என் கையில். எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தைப் பாருங்கள் என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்தார்.

"ஏம்மா, உனக்கு ஒத்துக்கல, நீ போ. எனக்கு வலி போயிகினு இருக்குது. ஏன் எங்க பொழப்புல மண்ணப் போட்ற? ஆஸ்பத்திரியில போய் வரிசையில நிக்கறதுக்கு நீ வரியா?"

பலர் அவர் பக்கம் பேசினார்கள். ஒரு பெண் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது விரல் மூட்டில் இடித்துக் கண் இருண்டது. வாசலில் நான்கைந்து பேர் மட்டும் என்னைச் சூழ்ந்துகொண்டு, டப்பாவைக் காட்டி என்ன செய்வதென்று கேட்டார்கள். ஆயுர்வேத மருத்துவர் சொன்னதையே சொன்னேன்: சடாரென்று நிறுத்தாதீர்கள், இந்த டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்தேன். நான் என் வாயால் யார் யாரிடம் சொன்னேன் என்று எழுதினேன். இருபத்தேழு பெயர். சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு வீடாகப் போனேன். சந்தவாசலில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் நான் பேசி முடிக்கும் முன்பே கதவைச் சாத்தினார். வெம்பாக்கத்தில் ஒரு குடும்பம் ஏற்கெனவே சடாரென்று நிறுத்திவிட்டு, அதனால்தான் என்று தெரியாமல், காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்த பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து மீட்டு வந்திருந்தது. படவேட்டில் எங்கள் தூரத்து உறவுக்காரப் பெண், வாழைத்தோப்பில் வேலை பார்க்கிறவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி, இத வுட்டுட்றேன். அப்ப வலிக்கு நான் இன்னா பண்றது?"

அதுதான் கேள்வி. முனிவர் படம் போட்டவன் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறான். என்னிடம் நீளமான பதில்தான் இருந்தது. முதலில் எந்த வகை வலி என்று தெரிய வேண்டும், தேய்மானத்துக்கும் என் வியாதிக்கும் வைத்தியம் வேறு, தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும், ஒத்தடமும் கஷாயமும் சிலருக்கு உதவும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும், போய்விடும் என்று சொல்ல மாட்டேன், குறையும். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. பஸ் குறைவான ஊர். அடுத்த பஸ் வரும் வரை இரண்டு மணி நேரம் அவரோடே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அவரை நானே ஆரணிக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன்.

தறிக்கார அக்கா வீட்டுக்குப் போக எனக்கு ஆறு மாதம் ஆனது. வார்டில் பார்த்தது கடைசி. அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒருநாள் போனேன். தறியில்தான் இருந்தார். வலது குதிகாலால் மிதிக்கப் பழகியிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"உங்களுக்குக் கோவமே வரலியாக்கா?"

நூல் ஓட்டும் நாடாவைக் கையிலிருந்து விட்டார். நிமிர்ந்தார்.

"வரலியா? ஆஸ்பத்திரியில படுத்துகினு இருந்தப்ப வரல. வீட்டுக்கு வந்து மொத நாள் கால குழிக்குள்ள வுட்டேன் பாருங்க, அப்பதான் வந்துச்சு. உங்க தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது டீச்சர். அவன நம்பியா வாங்கினேன்? உங்களத்தான் நம்புனேன். உங்க மேலதான் கோவம். இன்னும் போவல."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த வருடம் முழுக்க எல்லோரும், "நீ என்ன பண்ணுவ, நீயும் ஏமாந்தவதான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா சொன்னது ஆறுதலாக இல்லை, சரியாக இருந்தது.

"மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல கம்ப்ளைண்டு குடுத்தீங்களாமே? இன்னா ஆச்சு?"

"பில் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்டியே கெடக்குது."

"என் கால காட்டுனா போதுமா அவங்களுக்கு?"

அடுத்த திங்கட்கிழமை அந்த ஆபீசுக்கு ஆட்டோவில் இருவரும் போனோம். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள், என் ரத்தப் பரிசோதனைகள், மீதமிருந்த இரண்டு டப்பாக்கள். அதிகாரி எங்களை மத்தியானம்வரை காக்கவைத்தார். உள்ளே கூப்பிட்டதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

டப்பாக்களைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் தம்பி வீட்டு ஹாலில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், அவன்மேல் வழக்கும் போட்டார்கள். கம்பெனி என்று அவன் சொன்ன முகவரியில் ஒரு டெய்லர் கடை இருந்ததாம். செய்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். காட்டித்தான் கொடுத்தேன்.

வாரம் ஒரு நாள் மாத்திரையை மறுபடியும் போடுகிறேன். மறுநாள் குமட்டுகிறது. காலையில் ஆயுர்வேத மருத்துவர் சொன்னபடி மணலை வறுத்துத் துணியில் கட்டி விரல்களுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறேன். சுக்குக் கஷாயம் குடிக்கிறேன், வேலூரில் சொல்லிவிட்டு. கால் மணி நேரத்தில் ஊக்கைப் போட முடிகிறது. கரும்பலகையில் எழுத்து பெரிது பெரிதாக, கோணலாக விழுகிறது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

தம்பி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். ஈஸ்டர் அன்று அவன் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் வந்தது. அணைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.